வெட்டுவதா, விடுவதா?

திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யத் தெரிந்தவர்களுக்கு உலகத்து மரங்கள் அனைத்தும் அடங்கிவிடும் என்றொரு நினைப்பு எங்களுக்கு வெகுகாலமாக இருந்து வந்தது. அந்த நினைப்போடுதான் 2024 ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழா கழிந்த மூன்றாம் வாரத்தில், இலண்டன் மாநகரின் வடமேற்கே ஹாரோ என்னும் பகுதியில் குடியிருக்கும் எங்கள் மகளின் வீட்டில் போய் இறங்கினோம். கணவனும் மனைவியுமாக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை வளர்த்தவர்கள் நாங்கள். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற அதே திராட்சைதான். பெட்டியில் பேரனுக்கு முறுக்கு இருந்தது. மகளுக்கு மிளகாய்ப்பொடி இருந்தது. எதற்கென்று தெரியாமலே எடுத்து வைத்த கவாத்துக் கத்தரி ஒன்றும் இருந்தது.

வாடகைக் கார் வீட்டு வாசலில் நின்றபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. வீட்டின் முன்புறத் தோட்டம் என்பது பத்தடிக்குப் பத்தடி நிலந்தான். அதில் நின்ற ஒரு மரம் இலையே தெரியாதபடி இளஞ்சிவப்புப் பூக்களால் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு பூவிலும் இதழ்கள் அடுக்கடுக்காக, சிறிய ரோசாப் பூவைப்போல. காற்று அசையும்போதெல்லாம் இதழ்கள் உதிர்ந்து, நற்கருணைப் பவனிக்காகத் தூவி வைத்ததுபோல் நடைபாதை முழுவதும் படிந்திருந்தன. ‘இந்த மரத்தை வெட்டுவதா விடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், மாமா’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே மருமகன் கூறினார். வந்திறங்கிய களைப்பில் அதை நாங்கள் வேடிக்கைப் பேச்சென்று எண்ணிக்கொண்டோம்.

அது வேடிக்கையன்று. அந்த மரத்தால் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக வழக்கு நடந்துகொண்டிருந்தது.

செர்ரி என்றதும் கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பழத்தை நினைக்கிறோம். இது அந்த வகை அல்ல. ஜப்பானியர் பூவுக்காகவே பல நூற்றாண்டுகளாகப் பேணி வளர்த்த செர்ரி வகைகளில் ஒன்று. கான்சான் என்பது இதன் பெயர். காட்டுச் செர்ரியின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். இங்கிலாந்தின் புறநகர்த் தெருக்களில் இதைக் காணாமல் நடக்க முடியாது. மகள் வீட்டு மரம் தரையிலிருந்து இரண்டடி உயரத்திலேயே மூன்று தண்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒன்று நேராக மேலே போயிற்று. ஒன்று வீட்டுச் சன்னலை நோக்கி வளைந்தது. மூன்றாவது, நடைபாதைக்கு மேலாகச் சாய்ந்து, மருமகன் கார் நிறுத்தும் இடத்துக்குக் குடை பிடித்தது.

பழம் தருகிறதா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். நிழலாவது தேவையா என்றால், வெயிலுக்கு ஏங்கும் அந்த ஊரில் நிழல் யாருக்கு வேண்டும்? பத்து நாள் பூவுக்காக ஓராண்டு முழுவதும் நிலத்தை அடைத்துக்கொண்டு ஒரு மரமா என்று எங்கள் தோட்டக்காரப் புத்தி உடனே கணக்குப் போட்டது. மருமகனின் குறையோ வேறு. உதிர்ந்த இதழ்கள் மழையில் நனைந்து வழுக்குகின்றன. சாக்கடை வாயை அடைக்கின்றன. அதைவிடப் பெரிது அச்சம். 2022 பிப்ரவரி 18 ஆம் நாள் அடித்த யூனிஸ் புயலில், வைட் தீவின் முனையில் காற்றின் வேகம் மணிக்கு 196 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. அன்று அவர்களுடைய அடுத்த தெருவில் ஒரு மரம் இரண்டாகப் பிளந்து ஒரு காரின்மேல் விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தம் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் தண்டின் கீழே ஆறு வயது மகன் விளையாடும்போது எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் அமைதியாக இருக்கும்? எனவே 2023 சனவரியில், விடுமுறை நாள் ஒன்றில், ஏணி வைத்து ஏறி, சன்னல் பக்கத்துத் தண்டிலிருந்து கை மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளையை அவரே அறுத்துவிட்டார். மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மேற்கொண்டு அறுப்பது அத்தோடு நின்றது.

எங்கள் தீர்ப்பை நாங்கள் மறுநாளே வழங்கிவிட்டோம். மூன்று தண்டுகளையும் இடுப்பளவில் வெட்டிவிட வேண்டும். ஒரே ஆண்டில் புதுத் தளிர் விட்டுக் குட்டையாக, அடர்த்தியாக வந்துவிடும் என்றோம். எங்கள் ஊரில் கொடி அப்படித்தானே வருகிறது? அறுவடை முடிந்ததும் சில நாள் ஓய்வு, பிறகு கத்தரி. மொட்டையாக நிற்கும் பந்தலைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ‘ஐயோ’ என்பார்கள். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அதே பந்தலில் கறுத்த குலைகள் தொங்கும். யோவான் நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தைக் கோவிலில் வாசிக்கும்போதெல்லாம், இதை எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்பவர்கள் நாங்கள். ஆனால் அங்கே சொல்லப்பட்டது திராட்சைக் கொடியைப் பற்றித்தான், செர்ரி மரத்தைப் பற்றியல்ல என்பது அப்போது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றபோது, அண்டை வீட்டு மூதாட்டி கைத்தடியை ஊன்றியபடி வந்து வேலிக்கு அப்பால் நின்றார். எண்பது வயது கடந்தவர், தனியாக வாழ்பவர். எங்கள் கையை ஒருமுறை பார்த்தார். மரத்தை ஒருமுறை பார்த்தார். மகளை அழைத்து அவர் சொன்னதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இந்த மரம் 1976 வசந்த காலத்தில் நடப்பட்டதாம். அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தில் வரலாறு காணாத வறட்சி. குழாய் வைத்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சக்கூடாது என்று தடை. இந்த வீட்டில் அப்போது இருந்தவர்களும் மூதாட்டியின் கணவரும் குளித்த நீரை வாளியில் சேர்த்து வைத்து, மாலைதோறும் இந்தக் கன்றுக்கு ஊற்றினார்களாம். அவர்களில் இன்று எவரும் உயிரோடு இல்லை. ‘என்னுடைய மரம் இல்லை, நீங்கள் விரும்பியதைச் செய்யலாம்’ என்று முடித்துவிட்டு, உள்ளே போனார். வேண்டாம் என்று கெஞ்சியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். இதற்கு என்ன பதில் சொல்வது?

கத்தரி மீண்டும் பெட்டிக்குள் போயிற்று. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. நேரே நிற்கும் தண்டின் கவட்டையில் கூடு ஒன்றைப் பேரன் கண்டுபிடித்தான். மஞ்சள் அலகு கொண்ட கரிய பறவை ஒன்று அதில் அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டை வேண்டுமென்று கலைப்பது அந்நாட்டில் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். பறவை எங்களுக்கு இரண்டு மாதத் தவணை வாங்கிக் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் அந்த மரத்தைப் படித்தோம். மகள் நூலகத்திலிருந்து தோட்டக்கலை நூல்களைக் கொண்டுவந்து மாலையில் வாசித்துப் பொருள் சொல்லுவாள். காலையில் நாங்கள் மரத்தடியில் நின்று அதைச் சரிபார்ப்போம். முதலில் எங்களை அதிரவைத்தது மொட்டு இருக்கும் இடம். திராட்சையில் பழம் வருவது புதிதாகத் துளிர்க்கும் தளிரில். ஆகவே வெட்டினால்தான் விளைச்சல். செர்ரியிலோ அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டு முந்திய கோடையிலேயே, முன்பே வளர்ந்துவிட்ட கொம்புகளில் உருவாகிவிடுகிறது. அவற்றில் பெரும்பகுதி முதிர்ந்த கிளைகளில் விரற்கடை நீளமே உள்ள குட்டைக் கொம்புகளில் கொத்தாக அமர்ந்திருக்கிறது. இடுப்பளவில் வெட்டியிருந்தால், எத்தனை வசந்தத்துப் பூவை ஒரே மூச்சில் குப்பையில் போட்டிருப்போம்!

இரண்டாவது, காயம். திராட்சையை வெட்டினால் நீர் சொட்டும். சில நாளில் நின்றுவிடும். செர்ரியை வெட்டினால் பிசின் வடியும். அது மரம் தன் புண்ணுக்குத் தானே போடும் கட்டு. ஆனால் பெரிய காயத்தை மூட அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. சில காயங்கள் மூடுவதே இல்லை. செர்ரியை வெட்டுபவன் முட்டாள், பிளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி வழங்குகிறதாம். கேட்டதும் எங்களுள் ஒருவர் மற்றவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆயினும் அதே ஜப்பானில் ஹிரோசாகி என்னும் நகரம் இருக்கிறது. அது ஆப்பிள் விளையும் வட்டாரம். அங்குள்ள கோட்டைப் பூங்காவில் ஏறக்குறைய 2,600 செர்ரி மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் 1882 இல் நட்ட மரமும் இன்று பூக்கிறது. பழமொழியைப் பொருட்படுத்தாமல், ஆப்பிள் மரத்துக்குச் செய்யும் கவாத்தையே அவ்வூரார் செர்ரிக்கும் செய்தார்கள். வெட்டிய வாயில் மருந்துப் பசை பூசி, வேருக்கு உரமிட்டுப் பேணினார்கள். மற்ற ஊர் மரங்களைவிட அங்கே கொத்துக்குப் பூ அதிகம் என்கிறார்கள். பழத்தோட்டக்காரரின் கை செர்ரியிடம் தோற்றேயாக வேண்டும் என்பதில்லை என்று கண்டு, இழந்த மதிப்பில் பாதி எங்களுக்குத் திரும்பி வந்தது.

வெட்டு என்றால் அழிவுதான் என்றும் சொல்ல முடியாது. காலிங்வுட் இங்கிராம் என்னும் ஆங்கிலேயர் 1923 இல் சசெக்ஸ் பகுதியில் ஒரு தோட்டத்தில், சாகும் நிலையில் இருந்த வெண்பூச் செர்ரி ஒன்றைக் கண்டு, அதிலிருந்து குச்சிகளை வெட்டி வந்து ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ஜப்பானுக்குச் சென்றபோது, அழிந்து போயிற்று என்று அங்கே கருதப்பட்ட ஒரு செர்ரியின் ஓவியத்தை அவருக்குக் காட்டினார்கள். அது தம் தோட்டத்தில் நிற்பதே என்று அவர் அறிந்துகொண்டார். பின்னர் இங்கிலாந்திலிருந்து குச்சிகள் அனுப்பப்பட்டு, 1932 இல் அந்த மரம் தன் தாய்நாட்டில் மறுபடியும் வேர்கொண்டது. தைஹாகு என்று அதற்குப் பெயர். இதை மகள் வாசித்த அன்று மருமகனும் வந்து அமர்ந்து கேட்டார். நிற்க.

ஜூன் மாத நடுவில் ஒரு காலை, சன்னல் பக்கத்துத் தண்டின் இலைகள் மட்டும் வேறு நிறமாக இருக்கக் கண்டோம். மற்ற இரண்டிலும் நல்ல பச்சை. இதில் ஈயம் பூசியதுபோல் ஒரு வெளிறிய மினுமினுப்பு. முதலில் தூசி என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தோம். துடைக்கத் துடைக்க மினுங்கியது. மருமகன் சனவரியில் கிளை அறுத்தது இதே தண்டில்தான்.

வெள்ளி இலை நோய் என்று இதற்குப் பெயர். ஒரு வகைப் பூஞ்சையால் வருவது. ஈரமும் குளிரும் நிறைந்த இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதன் நுண்வித்துகள் காற்றில் மிகுதியாகப் பரவி, புதிய வெட்டுக்காயம் கிடைத்தால் கட்டைக்குள் நுழைகின்றன. பூஞ்சை இலைக்கு ஏறுவதில்லை. கட்டைக்குள் இருந்துகொண்டே அது சுரக்கும் நஞ்சு, சாற்றோடு மேலே போய், இலையின் மேல்தோலை உள்சதையிலிருந்து பிரிக்கிறது; இடையில் காற்று புகுந்துகொள்வதால் ஒளி வெள்ளிபோல் திரும்புகிறது. இதற்கு அஞ்சியே அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் செர்ரியையும் பிளம் மரத்தையும் கோடையின் உலர்ந்த நாள்களில் மட்டும் வெட்டுகிறார்கள். சனவரி மாதத்தில் பெரும்பாலான மரங்களை வெட்டலாம். இந்த மரத்தை வெட்டக்கூடாது. அது எங்கள் மருமகனுக்கு எப்படித் தெரியும்? இடுப்பளவில் வெட்டச் சொன்ன எங்களுக்கே தெரியவில்லையே.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மரத்தின்மேல் பாசமில்லாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், ‘நான்தான் அதைக் கொன்றுவிட்டேன், அத்தை’ என்றார். நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும் என்றோம். வறட்சியாலோ ஊட்டக் குறைவாலோ கூட இலைகள் இப்படி மினுங்கலாம். அப்போது கட்டையில் கறை இராது. ஒரு கிளையை அறுத்து, வெட்டு வாயை நீரால் நனைத்துப் பார்த்தால், நோய் இருந்தால் நடுவில் பழுப்புக் கறை தெரியும். பார்க்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது. லூக்கா நற்செய்தியில் 13 ஆம் அதிகாரத்து அத்திமரத்துக்குத் தோட்டக்காரர் ஓராண்டுதான் தவணை கேட்டார். நாங்கள் ஜூலை வரை கேட்டோம். குஞ்சுகள் அதற்குள் பறந்து போயிருந்தன.

மரம் பேணும் தொழிலாளர் ஒருவரை மகள் வரவழைத்தாள். மரம் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதன்று, தெருவும் பாதுகாக்கப்பட்ட பகுதியன்று என்பதை உள்ளூராட்சி மன்றத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்திருந்தாள். இல்லையேல் முன்னறிவிப்பு, அனுமதி என்று வாரங்கள் ஓடியிருக்கும். வந்தவர் இளைஞர், காதில் கடுக்கன். மரத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கவட்டைகளைத் தடவிப் பார்த்தார். தெருவை நோக்கிச் சாய்ந்த தண்டும் நேர்த்தண்டும் சேரும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து கிடந்தது. இரண்டு கட்டைகளும் ஒன்றாகப் பிணையாமல், நடுவே பட்டை புகுந்து பிரித்திருக்கிறது. என்றாவது ஒரு பெருங்காற்றில் பிளக்கக்கூடிய இடம் இதுதான் என்றார். மருமகனின் அச்சம் வீணல்ல. அப்படியானால் சாய்ந்த தண்டையும் எடுத்துவிடலாமா? ஒரே கோடையில் இரண்டு பெருங்காயங்களை இந்த வயதில் இந்த மரம் தாங்குமா என்பது ஐயம் என்றார் அவர். நோயுள்ள தண்டை முதலில் பார்ப்போம். சாய்ந்ததன் நுனியில் சில சிறு கிளைகளை மட்டும் எடுத்துப் பாரத்தைக் குறைப்போம். மற்றதை அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கொள்ளலாம். கார் வேறிடத்தில் நிற்கட்டும். இந்தக் கடைசி வார்த்தையை மருமகன் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டதுதான் எங்களுக்கு வியப்பு.

ஜூலையில் மூன்று நாள் தொடர்ந்து மழையில்லாத ஒரு காலை. வாளை ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கிருமிநாசினியால் துடைத்தார். பழைய காயத்துக்கு ஒரு முழம் கீழே முதல் வெட்டு. பேரன் குவளையில் நீர் கொண்டுவர, வெட்டு வாயில் ஊற்றினோம். நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பழுப்புக் கறை ஒழுங்கற்றுப் படர்ந்திருந்தது. எவரும் பேசவில்லை. இன்னும் ஒரு முழம் கீழே இரண்டாம் வெட்டு. நீர் ஊற்றினோம். கறை புளியங்கொட்டை அளவு. எஞ்சியிருந்தது மூன்று சாண். அதற்குக் கீழே கவட்டை. கறை அதைத் தாண்டியிருந்தால் மூன்று தண்டுக்கும் பொதுவான அடிமரத்துக்கே போய்விட்டது என்று பொருள். பிறகு முழு மரத்தையும் எடுக்க வேண்டியதுதான். அண்டை வீட்டு மூதாட்டி வேலியருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

மூன்றாம் வெட்டு. நீர் ஊற்றினோம். இளஞ்சிவப்புச் சாயலோடு கட்டை பளிச்சென்று இருந்தது, புள்ளி இல்லை. இளைஞர் குனிந்து விரலால் தேய்த்தார்; கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்; மீண்டும் நனைக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. கறை முடிந்த இடத்துக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டராவது தள்ளி வெட்டுவது முறை என்பதால், எஞ்சிய கட்டையையும் கவட்டைக்கு மேல் வளையம்போல் தடித்திருக்கும் கழுத்துப் பகுதியைத் தொடாமல் அறுத்து எடுத்தார். நோய்ப்பட்ட கட்டைகள் வண்டியில் ஏறிப் போயின. சுத்தமான அடித்துண்டு ஒன்றைப் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான். வளையங்களை நாற்பத்தொன்று வரை எண்ணி, ஓரத்தில் நெருக்கம் மிகுந்து தடுமாறி, ‘அம்மாச்சி, நீங்க எண்ணுங்க’ என்று நீட்டினான். எங்கள் கவாத்துக் கத்தரிக்கும் வேலை கிடைத்தது. சாய்ந்த தண்டின் நுனியில் ஒன்றோடொன்று உரசிய ஏழெட்டுச் சிறு கொம்புகளை நாங்களே எடுத்தோம். நாற்பது ஆண்டில் இவ்வளவு நடுக்கத்தோடு நாங்கள் கத்தரி பிடித்ததில்லை.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். பந்தலில் வேலை காத்திருந்தது. 2025 ஏப்ரல் கடைசியில் மகள் படம் அனுப்பினாள். இரண்டு தண்டிலும் பூ; மூன்றாவது இருந்த இடத்தில் சன்னலும் வானமும் தெரிந்தன. வெட்டுக் காயத்தைச் சுற்றி உதடுபோல் புதுப்பட்டை சுருண்டு வருகிறது என்று மருமகன் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். பூவில் ஒன்றும் தெரியாது, இலையில்தான் தெரியும், ஜூன் மாதத்தில் பார்த்துச் சொல்லுங்கள் என்றோம்.

ஜூன் இரண்டாம் வாரம் இலைகளின் படம் வந்தது. பந்தலுக்குக் கீழே நின்றபடி கைப்பேசியை இருவருமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். எங்களுள் ஒருவர் பச்சை என்றார். மற்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.